பாலர் நிலையமும் இடவமைப்பும்

கல்வியைப் பற்றி ஆராய்வோர் பெரும்பாலும் மூன்று பொருள்களையே முன்வைத்துப் பேசுவர். கற்பிப்போர் யார், கற்பிக்கப்படுவது யாது, கற்பிக்கும் முறை யாது என்பனவே அவை. கற்பிக்கும் இடம் எத்தகையது என்னும் வினா மேசனிடமும் கணக்கரிடமும் விடப்படுகின்றது. வளர்ந்த மாணவரைப் பொறுத்தவரை இவ்வாறு விடுவதனாற் பெருங்கேடு நேராமற் போகலாம். நூலைத் திறந்த மாணவன் தான் இருக்கும் இடத்தை மறக்க வல்லவன். மூன்று வயதுக் குழந்தைக்கோ அது கூடாது. அதற்குத் திறக்க நூல் இல்லை. கண்ணெதிரே கிடப்பதும், கைக்கு எட்டுவதும், காலால் ஏறத்தக்கதுமே அதன் நூல். ஆதலின், பாலர் கல்வியில் இடமும் ஓர் ஆசான் என்று கொள்வதே பொருத்தமாகும்.

இந்த ஆசான் வாய் திறந்து பேசுவதில்லை. எனினும் நாள்முழுதும் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றது. எட்டாத உயரத்தில் வைக்கப்பட்ட தண்ணீர்க் குவளை, "பிறர் வந்து தரும்வரை காத்திரு" என்கின்றது. எட்டும் உயரத்தில் வைக்கப்பட்டது, "நீயே எடுத்துக் குடி" என்கின்றது. பூட்டிய அலுமாரி ஒன்றைச் சொல்ல, திறந்த தட்டு வேறொன்றைச் சொல்கின்றது. இவ்வாறு ஆயிரம் முறை கேட்ட சொல் குழந்தையின் இயல்பாகிவிடுகின்றது. ஆகவே, ஒரு பாலர் நிலையத்தை அளக்கும் கோல் யாதெனில், தன்னாற் செய்யக்கூடியதொன்றைச் செய்தற்கு ஒரு குழந்தை ஒரு நாளில் எத்தனை தடவை பெரியவரின் கையை எதிர்பார்த்து நிற்க நேர்கின்றது என்பதே. அத்தொகை குறையக் குறைய நிலையம் சிறந்ததாகும். இக்கருத்தை இக்கட்டுரையில் விளக்க முயல்வாம்.

இப்பொருள் இம்மலரைப் படிப்போருக்கு அயலானதன்று. நம்மூர்ப் பாலர் பாடசாலைகளுட் பல சனசமூக நிலையங்களாலும் ஊர்ச் சபைகளாலும் நடத்தப்பட்டு வருகின்றன. அவற்றுக்குப் புதுக் கட்டடம் வேண்டுமெனின், உள்ளூரிலும் கடல்கடந்தும் வாழும் பழைய மாணவரையே நாடுவர். பணம் கொடுப்போரின் அன்பில் ஐயமில்லை. ஆயினும், பணம் சீமெந்தாக மாறிய பின்னர் அதனைத் திருத்துதல் அரிது. கட்டடத்தின் படம் கையில் வரும்போது எவற்றைக் கேட்க வேண்டும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் நன்று.

முன்னோர் சென்ற வழி

பாலருக்கென இடம் வகுத்தவருள் முதலில் நினைக்கத்தக்கவர் ஜேர்மனியரான பிரெடெரிக் புரோபல். 1837 இல் பிளாங்கன்பேர்க் என்னும் சிற்றூரில் அவர் தொடங்கிய நிலையத்துக்கு 1840 இற் 'கிண்டர்கார்ட்டின்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். அப்பெயர் உவமையாக மட்டும் அமைந்ததன்று. அங்கே உண்மையான தோட்டம் இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் சிறு பாத்தி ஒன்று உரியது. அதனோடு எல்லோருக்கும் பொதுவான பாத்திகளும் இருந்தன. தன் பாத்தியிலே பயிர் வாடினால் அதற்குத் தானே பொறுப்பு என்பதையும், பொதுப்பாத்தி வாடினால் அனைவரும் பொறுப்பு என்பதையும் மண்ணே கற்பித்தது. புரூசிய அரசு 1851 இல் இத்தகைய நிலையங்களைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு புரோபல் இறந்தார். 1860 இல் தடை நீங்கியதைக் காண அவர் இருக்கவில்லை. தோட்டமோ உலகெங்கும் பரவியது.

அடுத்து வருபவர் மரியா மொண்டிசோரி அம்மையார். அவருடைய முதல் நிலையம் எழுந்த காரணமே நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவுவது. உரோமாபுரியிற் சான் லொரென்சோ என்னும் ஏழைகளின் குடியிருப்பிற் பழுதடைந்த வீடுகளை ஒரு கட்டடச் சங்கத்தார் திருத்திக் குடியமர்த்தினர். பெற்றோர் வேலைக்குச் சென்ற பின்னர், பள்ளி செல்லும் வயதடையாத பிள்ளைகள் தனித்து விடப்பட்டுப் புதுச்சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். சுவர்களைக் காப்பதற்காகவே அப்பிள்ளைகளை ஓரறையில் ஒன்றுசேர்க்கத் தீர்மானித்து, மருத்துவரான மொண்டிசோரியிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தனர். 1907 சனவரி 6 ஆம் நாள் 'குழந்தைகளின் இல்லம்' திறக்கப்பட்டது. பிள்ளைகளிடமிருந்து கட்டடத்தைக் காக்கும் நோக்கோடு தொடங்கிய முயற்சி, பிள்ளைகளுக்காகக் கட்டடம் எவ்வாறு மாறவேண்டும் என்னும் ஆராய்ச்சியாக முடிந்தது.

அவ்வில்லத்தில் நிகழ்ந்ததாக மொண்டிசோரி அம்மையாரே கூறும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. கற்றற் பொருள்கள் யாவும் பெரிய அலுமாரி ஒன்றில் வைத்துப் பூட்டப்பட்டிருந்தன. ஆசிரியை திறந்து எடுத்துக் கொடுத்துப் பின் வாங்கி வைப்பார். ஒருநாள் அலுமாரியைப் பூட்ட மறந்து சென்ற ஆசிரியை, மறுநாள் சற்றுப் பிந்தி வந்தார். அலுமாரி திறந்து கிடந்தது. பிள்ளைகள் தத்தமக்கு வேண்டிய பொருளை எடுத்துச் சென்று அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தனர். ஆசிரியை இதனைக் களவு என்று கருதிக் கண்டிக்க விரும்பினார். மொண்டிசோரியோ வேறு விதமாக உணர்ந்தார். எப்பொருள் எங்கே உள்ளது, தமக்கு வேண்டியது எது என்பவற்றைப் பிள்ளைகள் நன்கறிவர் என்பதே அவர் கண்ட உண்மை. அன்றுமுதல் உயர்ந்த அலுமாரி போய்ப் பூட்டில்லாத தாழ்ந்த தட்டுகள் வந்தன. ஓர் அலுமாரியின் உயரம் மாறியதனால் ஆசிரியரின் தொழிலே மாறிற்று. பொருள் கொடுப்பவர் என்னும் நிலை நீங்கி, நோக்கி நின்று வழிகாட்டுபவர் என்னும் நிலையை அவர் அடைந்தார்.

பாரமான வாங்குகளை அகற்றி, குழந்தையே தூக்கி வைக்கக்கூடிய இலேசான கதிரைகளையும் மேசைகளையும் மொண்டிசோரி அமைப்பித்தார். இலேசான கதிரை தட்டுப்பட்டு விழும், அரவம் எழும் என்று பலர் மறுத்தனர். விழுதலே வேண்டுவது என்பது அவர் விடை. கதிரை விழுந்தால் தன் நடையிலுள்ள குறையைக் குழந்தை தானே உணரும். தரையோடு பொருத்திய வாங்கோ அக்குறையை மறைத்துவிடும். அடக்கமாக இருப்பது வேறு, ஒழுங்காக இயங்குவது வேறு என்பது இதனாற் பெறப்படும்.

இந்த அம்மையார் 1939 இற் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுவதையும் இந்தியாவிற் கழித்தார். 1944 இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். அதனால் அவர் பெயர் இந்நாட்டில் நிலைபெற்றது. இன்று பாலர் பள்ளி எதனையும் 'மொண்டிசோரி' என்று வழங்கும் அளவுக்கு அது பொதுச்சொல்லாயிற்று. பெயர்ப்பலகை வாயிலிலே தொங்க, பூட்டிய உயர்ந்த அலுமாரி உள்ளே நிற்குமாயின், பெயர் வந்ததேயன்றிப் பொருள் வரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இலண்டன் மாநகரின் டெப்ற்போட் என்னும் வறிய பகுதியில் இறேச்சல், மாகிறற் மக்மில்லன் என்னும் சகோதரிகள் 1914 இல் திறந்தவெளிப் பாலர் பள்ளியை நிறுவினர். ஒளியும் காற்றும் இல்லாத வீடுகளில் எலும்பு வளைந்து வாடிய பிள்ளைகளை அவர்கள் கண்டிருந்தனர். ஆதலாற் பெருங்கட்டடம் ஒன்றை எழுப்பாது, தோட்டத்தை நடுவாக வைத்து, ஒருபுறம் திறந்த சிறு கொட்டகைகளை அதனைச் சூழ அமைத்தனர். தோட்டமே பள்ளி, கொட்டகை மழைக்கும் குளிருக்கும் ஒதுங்குமிடம். பூஞ்செடியும் கீரையும் வளர்ந்த அத்தோட்டத்தில், மாகிறற் அம்மையார் கல்லும் பழைய பாத்திரமும் குவிந்த ஒரு மூலையையும் விலக்கவில்லை. பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இத்தாலியிலுள்ள ரெஜியோ எமிலியா என்னும் நகரின் வரலாறு நம் உள்ளத்தைத் தொடுவது. 1945 இல் இரண்டாம் உலகப் போர் முடிந்தவுடன், அந்நகரை அடுத்த வில்லா செல்லா என்னும் கிராமத்து மக்கள், பின்வாங்கிய ஜேர்மானியப் படையினர் விட்டுச்சென்ற தாங்கி ஒன்றையும் சில வாகனங்களையும் குதிரைகளையும் விற்றுப் பணம் சேர்த்தனர். குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் செங்கற்களைப் பொறுக்கித் தம் கையாலேயே பாலர் பள்ளியைக் கட்டினர். இதனைக் கேள்வியுற்று அங்கே சென்ற இளம் ஆசிரியர் லோறிஸ் மலகுட்சி, பின்னர் அந்நகர்ப் பாலர் பள்ளிகளுக்கெல்லாம் வழிகாட்டியானார். 1963 இல் நகரசபையின் முதற் பாலர் பள்ளி திறக்கப்பட்டது. இடத்தை மூன்றாம் ஆசிரியர் என்று கூறும் வழக்கு அப்பள்ளிகளிலிருந்தே பரவியது. இடிபாட்டுக் கல்லை எடுத்து முதலிற் குழந்தைகளுக்கு இடம் கட்டிய அம்மக்களின் செயலைப் போரின் வடுவைச் சுமந்த நம்மவர் நன்குணர்வர்.

உடலின் அளவே கட்டடத்தின் அளவு

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முதற்கொள்கை, குழந்தையின் உடலே அளவுகோல் என்பது. நாவலர் பெருமான் பாலபாடங்களை இயற்றுகையில் சொல்லையும் வாக்கியத்தையும் பாலரின் தரத்துக்கேற்பப் படிப்படியாக அளந்து வகுத்தார். நூலுக்குச் செய்த அவ்வுதவியைக் கட்டடத்துக்கும் செய்தல் வேண்டும்.

மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய 95 சென்ரிமீற்றர். ஐந்து வயதில் அஃது ஏறக்குறைய 110 ஆகும். பெரியவர் கதிரையின் இருக்கை நிலத்திலிருந்து 45 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். இப்பாலருக்கு ஐரோப்பிய நியமம் கூறும் இருக்கை உயரம் 26 முதல் 31 வரை. மேசையின் உயரம் 46 முதல் 53 வரை. கால் நிலத்தில் ஊன்றாமல் தொங்கும் பிள்ளை நெளியும். நெளியும் பிள்ளையைக் குழப்படிகாரன் என்போம். குழப்படி செய்தது கதிரையேயாம். கதிரை வாங்க வசதியில்லையெனின் பாயும் தடுக்கும் போதும். நம் திண்ணைப் பள்ளிகளிற் பிள்ளைகள் நிலத்திலிருந்து மணலில் விரலால் எழுதியே கற்றனர். தகாத உயரத்திலுள்ள கதிரையைவிட நிலம் மேலானது.

யன்னலை நோக்குவாம். மூன்றடி உயரத்தில் யன்னலைத் தொடங்குதல் வழக்கம். சிறுவருட் சிறியவரின் கண் அதற்கும் கீழே உள்ளது. ஆகவே பெரியவருக்கு முற்றமும் வீதியும் தெரிய, பிள்ளைக்கு வானத்தின் ஒரு துண்டு மட்டுமே தெரியும். யன்னல்களுள் இரண்டையாவது ஒன்றரை அடி முதல் இரண்டடி உயரத்தில் தொடங்கிக் கம்பியிட்டு அமைத்தால், வருவோரையும் போவோரையும் மழையையும் ஆட்டையும் பிள்ளை நின்றபடியே காணும். பை தொங்கவிடும் கொளுக்கி, செருப்பு வைக்கும் தட்டு, கைகழுவும் குழாய், குடிநீர்ப் பாத்திரம் என்பன யாவும் பிள்ளையின் தோளுயரத்துக்கு மேற்படலாகாது. உயர்ந்த குழாய் ஏற்கெனவே உண்டெனின், அதன்கீழே அகன்ற உறுதியான படியொன்று கட்டுவதற்கு அரை நாட் கூலியே செலவாகும்.

மலசலகூடம் பலரும் பேசக் கூசும் பொருள். ஆயினும் பாலரின் நாளை இன்பமாக்குவதும் துன்பமாக்குவதும் அதுவே. இருளையும் பெரிய குழியையும் கண்டு அஞ்சிய பிள்ளை, வீடு செல்லும்வரை அடக்கிக்கொண்டு வாடும். தண்ணீர் குடிக்கவும் மறுக்கும். அதற்கேற்ற சிறிய இருக்கை, வெளிச்சம், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, உள்ளே தாழிட முடியாத அரைக்கதவு, அறையிலிருந்து ஓடி எட்டக்கூடிய தூரம் என்பன இருந்தால் அவ்வச்சம் நீங்கும். புதுக் கட்டடத்தின் படத்தில் மலசலகூடம் வளவின் கடைக்கோடியிற் காட்டப்பட்டிருப்பின், அப்படத்தைத் திருப்பியனுப்புதலே தகும்.

இடத்தின் பரப்பு எவ்வளவு வேண்டும்? இங்கிலாந்தில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றுக்கு உள்ளே 2.3 சதுரமீற்றர், அதாவது ஏறக்குறைய 25 சதுர அடி, வேண்டுமென விதித்துள்ளனர். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இஃது 35 சதுர அடி. வெளியே விளையாட 75 சதுர அடி. இவற்றுட் பெரிய அளவையே கொண்டு கணக்கிடுவாம். இருபது பிள்ளைகளுக்கு உள்ளே 700, வெளியே 1,500, ஆக 2,200 சதுர அடி. யாழ்ப்பாணத்து ஒரு பரப்புக் காணி 2,722 சதுர அடி கொண்டது. எனவே ஒரு பரப்பு நிலத்தில் இருபது பிள்ளைகளுக்குத் தாராளமான நிலையம் அமைத்து, குசினிக்கும் மலசலகூடத்துக்கும் விறாந்தைக்கும் ஐந்நூறு சதுர அடி எஞ்சும். கிடைத்த நிலம் முழுவதையும் கட்டடத்தால் மூடிவிட்டு, விளையாட இடமில்லை என்று வருந்துதல் வேண்டாத செயல்.

பாதையும் பண்டமும்

அளவு பொருந்திய அறையிலும் ஒழுங்கு பொருந்தாவிடிற் பயனில்லை. 1969 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளரான கிறிச்செவ்ஸ்கி, பிறெஸ்கொற், வோலிங் என்போர் பாலர் நிலையங்களின் இடவமைப்பைப் பற்றி வெளியிட்ட சிறுநூல் இத்துறையிற் பெரிதும் போற்றப்படுவது. ஒவ்வோர் அறையிலும் முற்றத்திலும் பாதையும் விளையாட்டுத் தானங்களும் உள்ளன என்று அவர்கள் பிரித்தனர். பாதை தெளிவாக இருந்தாற் பிள்ளை தான் போகுமிடத்தை அறிந்து போகும். வாயிலிலிருந்து தண்ணீர்ப் பாத்திரத்துக்குச் செல்லும் வழி, கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டும் மூலையை ஊடறுத்துச் சென்றால், நாள்தோறும் கோபுரம் இடியும், நாள்தோறும் சண்டை மூளும். சண்டையிட்ட பிள்ளைகளைக் கண்டிக்குமுன் பாதையை மாற்றிப் பார்த்தல் அறிவுடைமை. பாதை தெளிவா அன்றா என்பதைப் பெரியவர் நின்றுகொண்டு அறிய முடியாது. முழந்தாளிட்டுப் பிள்ளையின் கண்ணுயரத்திலிருந்து நோக்கினால் அறியலாம்.

விளையாட்டுத் தானங்களை அவர்கள் மூவகையாக வகுத்து மதிப்பிட்டனர். ஒரே பயன் உடையது, ஊஞ்சல் போல்வது, தனித்தானம். அதன் மதிப்பு ஒன்று. இருவகைப் பொருள் சேர்ந்தது, தோண்டும் கருவிகளோடு கூடிய மணற்குழி போல்வது, கூட்டுத்தானம். அதன் மதிப்பு நான்கு. மூன்றும் அதற்கு மேலும் சேர்ந்தது, அம்மணலோடும் கருவியோடும் தண்ணீரும் சேர்ந்தாற் போல்வது, பெருந்தானம். அதன் மதிப்பு எட்டு. இக்கணக்கை நம் நிலையங்களிற் பொருத்திப் பார்ப்பாம். அன்பர் ஒருவர் பெரும்பணம் செலவிட்டு ஒரு சறுக்கியும் மூன்று ஊஞ்சலும் உபகரித்தார் எனக் கொள்வாம். மொத்த மதிப்பு நான்கு. இருபது பிள்ளைகளுள் நால்வர் விளையாடப் பதினாறு பேர் காத்து நிற்பர். காத்து நிற்போர் தள்ளுவர். ஒரு வண்டி மணலும், பத்துச் சிரட்டையும், ஒரு வாளித் தண்ணீரும் சேர்ந்தால் மதிப்பு எட்டு. செலவோ மிகச் சிறிது. சறுக்கியும் ஊஞ்சலும் வேண்டா என்பது நம் கருத்தன்று. அவை மட்டும் போதா என்பதே நாம் வற்புறுத்துவது.

சைமன் நிக்கல்சன் என்னும் ஆங்கிலேயர் 1971 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், ஓரிடத்திற் பிள்ளை மாற்றியமைக்கக்கூடிய பொருள்கள் எவ்வளவு மிகுமோ அவ்வளவுக்குப் பிள்ளையின் புனைதிறனும் மிகும் என்றார். நிலத்தில் ஊன்றிய இரும்பு யானை என்றும் யானையே. குரும்பட்டியோ தேராகும், பசுவாகும், கறியாகும். பனங்கொட்டை, ஈர்க்கு, பூவரசம் இலை, சுளகு, பனையோலைப் பெட்டி, பழஞ்சீலை என நம் வளவுகளில் இவற்றுக்குக் குறைவில்லை. இவற்றை வகைபிரித்துத் தாழ்ந்த தட்டுகளில், ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் குறித்து வைத்தல் வேண்டும். குவியலாகக் கொட்டிய பெட்டியிற் பிள்ளை தேடுமேயன்றித் தெரிவு செய்யாது.

பலரோடு கூடியிருந்து களைத்த பிள்ளைக்கு ஒதுங்குமிடம் ஒன்றும் வேண்டும். மேசையொன்றின்மேற் சீலையைத் தொங்கவிட்டு, கீழே பாய் விரித்தால் அவ்விடம் அமைந்துவிடும். பிள்ளை தன்னை மறைந்திருப்பதாக எண்ணவேண்டும். ஆசிரியைக்கோ அது தெரியவேண்டும். காலையில் தாயைப் பிரிய அழும் பிள்ளைக்காக, தாய் சற்றிருந்து செல்ல விறாந்தையில் ஒரு திண்ணை அமைத்தலும் சிறந்தது. கேற்றடியிற் பிள்ளையைப் பறித்தெடுக்கும் வழக்கம் அதனால் ஒழியும்.

ஒளியும் காற்றும் ஓசையும்

நம் நாட்டில் வெயிலை விலக்குதலே கட்டடக் கலையின் முதற்பாடம். நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்க, குறுகிய சுவர்கள் கிழக்கும் மேற்கும் நோக்குமாறு கட்டினாற் காலை வெயிலும் மாலை வெயிலும் உள்ளே பாயா. யாழ்ப்பாணத்திற் சூரியன் சித்திரையில் ஒருமுறையும் ஆவணியில் ஒருமுறையும் உச்சிக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில் அது வடபுறத்தே இருக்கும். ஆதலால் தென்புறத்துக்கு மட்டுமன்றி வடபுறத்துக்கும் அகன்ற தாழ்வாரம் வேண்டும். தகரக் கூரையின் வெப்பம் முதலில் வாட்டுவது நிலத்திலே துயிலும் பாலரையே. ஓட்டுக்கூரையும், எதிரெதிர் யன்னலும், முற்றத்தில் ஒரு வேம்பும் உண்டெனின் மின்விசிறி இல்லாமலே பெரும்பொழுது கழியும்.

ஓசையை நாம் பொருட்படுத்துவதில்லை. சீமெந்து நிலமும் வெறுஞ்சுவரும் ஓசையை எதிரொலித்துப் பெருக்கும். பெரியவர் பாதி கேட்டு மீதியை ஊகித்துக்கொள்வர். மொழியை இப்பொழுதுதான் பயிலும் பிள்ளைக்கு அவ்வூகம் இயலாது. இரைச்சலுள்ள மண்டபத்திற் கதை கேட்கும் பிள்ளை சொற்களை இழக்கின்றது. பாய், திரைச்சீலை, புத்தகத்தட்டு, மரத்தட்டி என்பன ஓசையை ஓரளவு உண்ணும். ஒரே பெரிய மண்டபத்தைவிட, தாழ்ந்த தட்டுகளாற் பிரிக்கப்பட்ட மூலைகள் இதற்கும் உதவும்.

கண்ணுக்கும் இரைச்சல் உண்டு. அமெரிக்காவிற் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறு விஞ்ஞானப் பாடங்கள் கற்பிக்கப்பட்டன. சில பாடங்கள் படங்கள் நிறைந்த அறையிலும், சில வெறுஞ்சுவர் அறையிலும் நடந்தன. படம் நிறைந்த அறையிற் பிள்ளைகளின் கவனம் மிகுதியாகச் சிதறியது, கற்றதும் குறைந்தது. சுவர் முழுதும் கண்கவர் வண்ணத்திற் கார்ட்டூன் உருவங்களைத் தீட்டுவதே பாலர் பள்ளிக்கு அழகு என்று எண்ணுவோர் இதனைக் கருதுக. மெல்லிய நிறச் சுவரில், பிள்ளைகளே வரைந்த சில படங்களை அவர்களது கண்ணுயரத்தில் வைத்து, அடிக்கடி மாற்றுதல் போதும்.

யப்பானில் தோக்கியோவை அடுத்த தச்சிக்காவாவில் 2007 இல் திறக்கப்பட்ட பூஜி பாலர் பள்ளி, இக்காலத்துக் கட்டடங்களுட் புகழ்பெற்றது. தெசூக்கா தம்பதியர் வரைந்த அக்கட்டடம் நீள்வட்ட வளையமாய் நடுமுற்றத்தைச் சூழ்ந்துள்ளது. கூரையே பிள்ளைகள் ஓடும் திடல். முன்பே நின்ற பெருமரங்கள் வெட்டப்படாது கூரையை ஊடுருவி எழுகின்றன. உட்கூரையின் உயரம் 2.1 மீற்றரே ஆதலின், மேலிருப்போரும் முற்றத்திலிருப்போரும் ஒருவரையொருவர் காண்பர். ஓடுவோருக்கு வழி எங்கும் முடிவதில்லை. அக்கூரையை நாம் படியெடுக்க வேண்டுவதில்லை. நாற்சார் வீட்டின் முற்றத்தைச் சுற்றி ஓடிய பிள்ளைகள் அவ்வின்பத்தை நன்கறிவர். நடுவே வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் நிழலான விறாந்தை, எங்கிருந்தும் பிள்ளையைக் காணும் பெரியவர் என்னும் அவ்வமைப்பு நம் முதுசொம். புதுப் பாலர் நிலையங்களுக்கு அதனைவிடப் பொருந்தும் அமைப்பு அரிது.

அபாயமும் துணிவும்

பிள்ளையைத் தானே இயங்கவிடுக என்றால், ஆபத்து நேராதா என்று கேட்பர். நியாயமான வினா. மறைந்த அபாயம், வெளிப்பட்ட இடர் என இரண்டைப் பிரித்தறிதலே இதற்கு விடை. பிள்ளையின் அறிவால் உணர முடியாத கேடு மறைந்த அபாயம். கட்டில்லாத கிணறு, எட்டும் உயரத்து மின்சாரத் துவாரம், சுவரோடு பிணைக்காத பாரமான அலுமாரி, வேலியோரத்து அலரி என்பன அத்தகையன. அலரியின் விதையும் இலையும் நஞ்சு. பூசைக்குரிய பூவென்று பாலர் நிலைய வளவில் அதனை நடலாகாது. கிணற்றுக்கு உயர்ந்த கட்டும், கம்பிவலை மூடியும், பூட்டும் இன்றியமையாதன. இவற்றை நீக்குதல் பெரியவர் கடன். இங்கே பூட்டும் வேலியும் வேண்டுவனவே.

இக்கடனிலே தவறின் விளைவு யாதாகும் என்பதைக் கும்பகோணம் காட்டியது. 2004 யூலை 16 ஆம் நாள், அங்கே ஒரு பள்ளியின் சமையற் கூடத்தில் மூண்ட தீ ஓலைக்கூரையைப் பற்றி, 94 பிள்ளைகள் மாண்டனர். வெளியேறும் வழி ஒடுங்கியதாக இருந்தது. கிடுகுக் கொட்டகை குளிர்ச்சியானது, நம் மரபுக்குரியது. ஆயினும் அடுப்புக்கு அருகே அஃது இருத்தல் கூடாது. அறை ஒவ்வொன்றுக்கும் வெளிப்புறமாகத் திறக்கும் இரு வாயில்கள் வேண்டும். பாலர் வகுப்பு மேன்மாடியில் இருத்தலும் கூடாது.

வெளிப்பட்ட இடர் வேறுவகையானது. இரண்டு படி, தாழ்ந்த கிளை, சிறு மேடு, வழுக்கும் மணல் என்பவற்றிலுள்ள இடரைப் பிள்ளை கண்ணாற் கண்டு, காலால் அளந்து, தன் துணிவைத் தானே மதிப்பிடும். இவற்றையும் அகற்றிவிட்டால் முழங்காற் காயம் இராது. அளந்து நடக்கும் அறிவும் இராது. மறைந்ததை நீக்குக, வெளிப்பட்டதை விட்டுவைக்குக என்பதே இங்கு நாம் கொள்ளும் விதி. நடக்க இயலாத பிள்ளைக்கும் இவ்வாய்ப்பு உரியது. படியோடு கூடவே சாய்தளம் ஒன்றும், மணற்றொட்டி ஒன்றைச் சக்கர நாற்காலியிலிருந்தே எட்டும் உயரத்திலும் அமைத்தால், ஒரு பிள்ளையும் விளிம்பில் நின்று பார்த்திருக்க நேராது.

இதுகாறும் கூறியவற்றுட் பெரும்பாலான, பணத்தைவிடக் கவனத்தையே வேண்டுவன. உள்ள நிலையமொன்றைத் திருத்த விரும்புவோர், அலுமாரியின் பூட்டைக் கழற்றித் தட்டுகளைத் தாழ்த்துக. குழாயடியிற் படி கட்டுக. முற்றத்தில் மணலும் தண்ணீரும் சிரட்டையும் வைக்குக. புதிதாகக் கட்டுவோர், படத்தில் முதலில் மரத்தையும் முற்றத்தையும் கிணற்றையும் குறித்து, பின்னர் அறையைக் குறிக்குக. அங்கே நாள்முழுதும் நிற்கப்போகும் ஆசிரியையைக் கேளாது ஒரு கல்லும் வைக்கற்க. கொடையாளரின் பெயர் பொறித்த கல்லை வாயிலில் எவ்வுயரத்திலும் வைக்கலாம். கைப்பிடியைப் பிள்ளையின் உயரத்தில் வைத்தல் வேண்டும்.

பாலர் நிலையத்து முற்றத்தில் இன்று சிரட்டையால் மணல் அளக்கும் பிள்ளைகளே சில ஆண்டுகளில் நம் கல்லூரி வாயிலில் வந்து நிற்பர். தாமே நீர் மொண்டு குடித்து, தாமே எடுத்த பொருளைத் தாமே மீள வைத்து, தம் பாத்திக்குத் தாமே நீரூற்றிப் பழகிய பிள்ளைகளாக அவர்கள் வருவாராயின், ஆசிரியரின் பணி பாதி முடிந்ததாகும். ஏவலுக்குக் காத்திருந்தே பழகியவராய் வருவாராயின், எத்துணைப் பெரிய கல்லூரியும் அப்பழக்கத்தை மாற்ற நெடுங்காலம் உழைக்க நேரும். ஆதலின், கல்லூரியின் வளர்ச்சியை விரும்பும் பழைய மாணவர் தத்தம் ஊர்ப் பாலர் நிலையத்தின் தட்டையும் குழாயையும் யன்னலையும் ஒருமுறை முழந்தாளிட்டு நோக்குவாராக. அந்நோக்கினின்றும் பிறக்கும் திருத்தம், மாளிகை கட்டிக் கொடுப்பதினும் பெரிய அறமாகும்.